கைபேசி நலம் காக்கும் கருவியா?



நம் லோயர் கேம்ப்புக்கு வரும் எவரும் முதலில் அண்ணாந்து பார்ப்பது மலைமேலிருந்து இறங்கி வரும் அந்த ராட்சதக் குழாய்களைத்தான். மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பி, கம்பம் பள்ளத்தாக்கை நெல்வயலும் திராட்சைத் தோட்டமுமாகச் செழிக்கச் செய்தவர் கர்னல் பென்னிகுக். அவர் கட்டிய அணை 1895-ஆம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்டது. அவருக்கு நம் ஊரிலேயே மணிமண்டபம் எழுந்திருப்பதும், ஜனவரி 15 அன்று அவருடைய பிறந்த நாளை நம் மக்கள் பொங்கல் வைத்துக் கொண்டாடுவதும் நாம் அறிந்தவையே.

ஆனால் அந்த அணையைக் கட்டிய தொழிலாளர்களில் நூற்றுக்கணக்கானோர் காட்டிலேயே மாண்டு போனார்கள் என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. வெள்ளம் சிலரைக் கொண்டு சென்றது. மலேரியாவும் காலராவும் பலரைக் கொண்டு சென்றன. மலேரியா எப்படிப் பரவுகிறது என்று அன்று உலகில் எவருக்கும் உறுதியாகத் தெரியாது. கெட்ட காற்றினால் வருகிறது என்றுதான் படித்தவர்கள் பலரும் நம்பினார்கள். மலேரியாக் கிருமி கொசுவின் உடலில் வளர்வதை டாக்டர் ரொனால்டு ராஸ் நம் நாட்டில், செகந்திராபாத்தில் கண்டறிந்தது 1897-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20-இல். அணை முடிந்து இரண்டே ஆண்டுகள் கழித்து! அந்தச் செய்தி சில ஆண்டுகள் முன்னதாகக் கிடைத்திருந்தால், ஒரு சாதாரணக் கொசுவலை எத்தனை உயிர்களைக் காத்திருக்கும்!

அணை திறந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 1995-ஆம் ஆண்டு ஜூலை 31-இல் இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பு பேசப்பட்டது. அடுத்த மாதம், ஆகஸ்ட் 15-இல், இணையம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இன்று உலகத்து மருத்துவ நூல்கள் அனைத்தும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டன. அன்று அறியாமையினால் மாண்டார்கள். இன்று அறிவு கைக்குள் இருந்தும் நாம் நோயோடும் நாணத்தோடும் வாழ்கிறோம் என்றால், அது யார் குற்றம்?

"பெண் பிள்ளைக்கு எதற்குப் போன்?" என்று கேட்போர் ஒரு பக்கம். "இது விஞ்ஞான யுகம், பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுங்கள், அவர்களே கற்றுக்கொள்வார்கள்" என்போர் மறுபக்கம். இவ்விரு சாராரும் தவறு செய்கிறார்கள் என்பதே என் தாழ்மையான கருத்து. நம் வயதுப் பெண்ணுக்குத் தன் உடலைப் பற்றிய உண்மையை அறியும் உரிமை உண்டு. கைபேசி அதற்கு ஒரு நல்ல வாயில். ஆனால் அந்த வாயிலில் அவளுடன் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும்.

யார் கையில் கைபேசி?

2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் இணையத்தை ஒரு முறையேனும் பயன்படுத்திய ஆண்கள் நூற்றுக்கு 57 பேர். பெண்களோ 33 பேர் மட்டுமே! தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்திருந்த பெண்கள் நூற்றுக்கு 54 பேர். அதன் பின் நிலைமை முன்னேறியிருக்கலாம். ஆயினும் நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். பொழுது விடியுமுன் ஜீப்பில் ஏறி, குமுளி மலையைக் கடந்து ஏலத்தோட்ட வேலைக்குச் செல்லும் தாய்மார்கள் நம்மில் பலருக்கு உண்டு. வீட்டில் ஒரே கைபேசி இருந்தால் அது அப்பாவுடன் வெளியே போய்விடும். இரண்டாவது ஒன்று வந்தால் அது அண்ணன் கைக்குப் போகும். தங்கைக்கு அது கிடைப்பது இரவில் அரை மணி நேரம், அதுவும் "என்ன பார்க்கிறாய்?" என்ற கேள்வியோடு.

2020 மார்ச்சில் கொரோனா காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது இந்த வேறுபாடு வெட்ட வெளிச்சமாயிற்று. கைபேசி இருந்த வீட்டுப் பிள்ளைக்குப் பாடம் நடந்தது. இல்லாத வீட்டுப் பிள்ளை தொலைக்காட்சியின் முன் அமர்ந்தாள், அல்லது தாயுடன் வேலைக்குப் போனாள். பாடம் தவறினால் மறு ஆண்டு படித்துக்கொள்ளலாம். உடல் நலத்தைப் பற்றிய செய்தி தவறினால் மறு ஆண்டு கிடைக்குமா? சுவர் இருந்தால்தானே சித்திரம்!

கேட்கத் தயங்கும் கேள்விகள்

அதே கணக்கெடுப்பு மற்றோர் உண்மையையும் கூறுகிறது. 15 முதல் 19 வயதுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 59 பேர் இரத்த சோகை உள்ளவர்கள். ஐவரில் மூவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். படியேறினால் மூச்சு வாங்குவதும், வகுப்பில் கண் சொருகுவதும், தலை சுற்றுவதும் "பெண் பிள்ளை என்றால் அப்படித்தான்" என்று ஒதுக்கப்படுகின்றன. அது இயல்பு அல்ல, நோய். எளிதில் தீரக்கூடிய நோய்.

இதற்காகவே பள்ளிகளில் வாரம் ஒரு முறை நீல நிற இரும்புச்சத்து மாத்திரையும், ஆண்டுக்கு இரு முறை குடற்புழு நீக்க மாத்திரையும் தருகிறார்கள். மாத்திரையை வாங்கி வாயில் போடுவது போலப் பாவனை செய்துவிட்டுத் தண்ணீர்க் குழாயடியில் துப்புபவர்கள் எந்தப் பள்ளியிலும் உண்டு. ஏன்? குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, ஏதோ கெடுதல் என்ற பயம். இரும்புச்சத்து உட்கொண்டால் மலம் கறுப்பது இயல்பே. வெறும் வயிற்றில் விழுங்காமல் உணவுக்குப் பின் எடுத்துக்கொண்டால் குமட்டல் குறையும். மாத்திரையுடன் தேநீரோ காப்பியோ குடித்தால் அச்சத்து உடலில் சேர்வது குறையும். நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் நன்கு சேரும். இவ்வளவுதான் செய்தி! நான்கே வரிகள். இந்த நான்கு வரிகளை அறியாததால் அரசாங்கம் வாங்கித் தந்த மருந்து சாக்கடைக்குப் போகிறது. ஒரு நிமிடம் நல்ல தளம் ஒன்றைப் பார்த்திருந்தால் இந்தப் பயம் தெளிந்திருக்கும்.

மாதவிலக்கைப் பற்றி எத்தனை வீடுகளில் வாய் திறந்து பேசுகிறார்கள்? எவ்வளவு நாள் போக்கு இயல்பு, எவ்வளவு அதிகமானால் டாக்டரிடம் காட்ட வேண்டும், நாப்கினை எத்தனை மணிக்கொரு முறை மாற்ற வேண்டும் என்பதையெல்லாம் தாயிடம் கேட்க நாணம். தாய்க்கும் சொல்ல நாணம். ஆகவே நம்மைப் போலவே ஒன்றும் தெரியாத தோழியிடம் காதோடு காதாகக் கேட்கிறோம். குருடர்க்குக் குருடர் வழிகாட்டிய கதைதான்! வெட்கப்படாமல், யாரும் சிரிக்காமல், மறுபடியும் மறுபடியும் கேட்கக்கூடிய இடம் ஒன்று வேண்டும். 2014-இல் மத்திய அரசு 10 முதல் 19 வயதுள்ளோருக்கெனத் தேசிய வளரிளம் பருவ நலத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் கீழ் 'சாத்தியா சலாஹ்' என்ற கைபேசிச் செயலி 2017-இல் வெளியிடப்பட்டதற்கும் இந்த நாணமே காரணம். நேரில் கேட்கக் கூச்சப்படும் பிள்ளைகள் அங்கே பெயரைச் சொல்லாமலே தெரிந்துகொள்ளலாம் என்பதே அதன் நோக்கம்.

இன்னொன்றும் கூறுகிறேன். கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் தடுப்பூசியை 14 வயதுப் பெண்களுக்குப் படிப்படியாக வழங்கப் போவதாக 2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு அறிவித்தது. நம் தங்கையர் கையில் ஏற வேண்டிய ஊசி அது. அதைப் பற்றி அவர்கள் யாரிடமிருந்து முதலில் கேள்விப்படப் போகிறார்கள்? மருத்துவரிடமிருந்தா, வாட்ஸ்அப் வதந்தியிலிருந்தா?

அமுதும் நஞ்சும் ஒரே கிண்ணத்தில்

வாட்ஸ்அப் வதந்தி என்று சொல்லக் காரணம் உண்டு. 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தமிழகத்தில் தொடங்கியது. ஒன்பது மாதக் குழந்தை முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் வரை அனைவருக்கும் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் ஊசி போட ஏற்பாடாயிற்று. ரூபெல்லா கருவுற்ற பெண்ணைத் தாக்கினால் பிறக்கும் குழந்தையின் கண்ணும் காதும் இதயமும் பழுதாகலாம். ஆகவே இது முக்கியமாகப் பெண்குலத்தைக் காக்கும் ஊசி. ஆனால் நடந்தது என்ன? ஊசி ஆபத்தானது என்று யாரோ பெயர் தெரியாதவர் பேசிய பேச்சு கைபேசிக்குக் கைபேசி தாவியது. பெற்றோர் பலர் சம்மதிக்க மறுத்தார்கள். ஊசி நாளன்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாதவர்களும் உண்டு. பிப்ரவரியில் முடிய வேண்டிய இயக்கத்தை மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்க வேண்டியதாயிற்று. நூறு மருத்துவர்களின் சொல்லை ஓர் அநாமதேயக் குரல் தோற்கடித்தது!

2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் காணொளியைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் செய்ய முயன்றபோது ஓர் இளம் தாய் உயிரிழந்தார். 2025 மார்ச்சில் பக்கத்து மாநிலமான கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில், உடல் மெலிய வேண்டுமென்று இணையத்தில் கண்ட உணவு முறையைப் பின்பற்றிப் பல மாதங்கள் சரியாக உண்ணாதிருந்த 18 வயது மாணவி மருத்துவமனையில் இறந்தாள். நம் வயது, தோழியரே! படித்த பெண்தான். அவளுக்குக் கைபேசி இல்லாமல் இல்லை. இதைப் பற்றிப் பேச ஒருவர் தக்க நேரத்தில் கிட்டவில்லை.

ஏன் இப்படி நேர்கிறது? காணொளி போடுபவருக்குப் பணம் வருவது நாம் நலம் பெறுவதால் அல்ல, நாம் பார்த்துக்கொண்டே இருப்பதால். மெலிவதைப் பற்றி ஒரு காணொளியைப் பார்த்தால், அடுத்துப் பத்துக் காணொளிகளை அதே விஷயத்தில் அந்த இயந்திரமே நம் முன் நிறுத்துகிறது. கறுப்பு அழகில்லை, பருமன் அழகில்லை, முகப்பரு அழகில்லை என்று நம்மை வருந்தச் செய்த பிறகு, அடுத்த நிமிடமே அதற்கு ஒரு களிம்பை விற்கிறது. சந்தையில் தராசுக்காரரை நாம் கண்ணால் பார்க்கிறோம். இங்கே தராசும் தெரிவதில்லை, பிடிப்பவரும் தெரிவதில்லை.

தடை போட்டால் தீருமா?

"அப்படியானால் பிடுங்கி வைத்துவிடுவதுதானே நல்லது?" என்று பெற்றோர் கேட்பது காதில் விழுகிறது. உலகமே இக்கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடை செய்துவிட்டது. நம் நாட்டில் 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது.

சட்டம் வேண்டாம் என்று நான் கூறவில்லை. ஆனால் நம் வீடுகளில் கைபேசி அப்பாவின் பெயரில், கணக்கு அண்ணனின் பெயரில், பார்ப்பது பிள்ளைகள். அங்கே சட்டம் எப்படி எட்டிப் பார்க்கும்? மேலும், தடை ஒரு கேள்வியைத் தள்ளிப் போடுமேயன்றி அதற்கு விடை தராது. பதினான்கு வயதில் வயிற்று வலியோடு ஒரு பெண் கேட்க நினைக்கும் கேள்வி, கைபேசியைப் பூட்டி வைத்ததால் மறைந்துவிடுமா? அது தவறான இடத்தைத் தேடிப் போகும். ஒளித்துப் பார்ப்பதற்குத்தான் ஆபத்து அதிகம், ஏனெனில் ஒளித்துப் பார்த்ததைப் பற்றி எவரிடமும் சந்தேகம் கேட்க முடியாது.

மதகில்லாத அணையும் உதவாது, அணையில்லாத வெள்ளமும் உதவாது என்பது நம் பள்ளத்தாக்கில் பிறந்த எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீரை அளந்து விடுவதில்தான் விளைச்சல் இருக்கிறது.

ஐந்து கேள்விகள்

அளந்து விடுவது எப்படி? உடல் நலம் பற்றி எதைப் பார்த்தாலும் ஐந்து கேள்விகள் கேட்போம்.

ஒன்று: சொல்பவர் யார்? மருத்துவரா, அரசு மருத்துவத் துறையா, உலக சுகாதார நிறுவனமா? பெயரே இல்லையென்றால் நம்பிக்கையும் இல்லை.

இரண்டு: முடிவில் எதையாவது விற்கிறாரா? விற்றால் அது விளம்பரம்.

மூன்று: ஏழே நாளில், முற்றிலும், நிச்சயமாக என்கிறாரா? உண்மையான வைத்தியர் எவரும் அப்படி வாக்குக் கொடுப்பதில்லை.

நான்கு: டாக்டரிடம் போகாதே, வீட்டில் சொல்லாதே என்கிறாரா? அந்தக் கணமே அதை மூடிவிட வேண்டும்.

ஐந்து: இதையே நம்பகமான வேறோர் இடமும் கூறுகிறதா? கூறாவிட்டால் பள்ளி ஆசிரியையிடமோ, கிராம சுகாதார செவிலியரிடமோ கேட்காமல் செய்யக் கூடாது. மற்றவருக்கு அனுப்பவும் கூடாது. பொய்யென்று தெரியாமல் அனுப்பினாலும் அது பிறரைக் கெடுக்கும்.

நம் புகைப்படத்தையும் நம் நோய் விவரத்தையும் முன்பின் அறியாதவரிடம் பகிர்வது கூடவே கூடாது. எவரேனும் மிரட்டினால் அது நம் அவமானமன்று, அவருடைய குற்றம். அம்மாவிடம் சொல்லிவிட்டு 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம்.

பொத்தான் போனும் போதும்

இணையமே இல்லாத வீட்டுத் தோழி மனம் தளர வேண்டாம். பழைய பொத்தான் போனிலும் சில எண்கள் உயிர் காக்கும். அவசர ஆம்புலன்சுக்கு 108. உடல் நலம் பற்றி ஆலோசனை கேட்க 104. துன்பத்திலுள்ள குழந்தைகளுக்கு 1098. மனம் சோர்ந்தாலும், வாழ்வே கசந்தாலும், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' சேவையின் 14416 என்ற எண் இரவும் பகலும் காத்திருக்கிறது. தமிழிலேயே பேசலாம். தேர்வு பயத்தில் தூக்கம் வராத தோழி ஒருத்தி இந்த எண்ணை அறிந்திருந்தால் போதும், இக்கட்டுரை எழுதிய பயன் எனக்குக் கிட்டிவிடும். கைபேசியில் இணையம் உள்ளவர்களோ, 2020 ஏப்ரலில் வீட்டிலிருப்போருக்கும் திறக்கப்பட்ட 'இ-சஞ்சீவனி' வழியாக வீட்டிலிருந்தபடியே அரசு மருத்துவரிடம் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் கம்பத்துக்கோ க.விலக்குக்கோ பஸ் ஏற வேண்டிய நம் அன்னையர்க்கு இது எவ்வளவு பெரிய உதவி! அந்தத் திரையைத் திறந்து கொடுக்க வேண்டியவர்கள் அவர்களுடைய படித்த புதல்வியராகிய நாமல்லவா?

கருவி எசமானன் ஆகக் கூடாது

நலம் தேடி எடுத்த கைபேசியே நலத்தைக் கெடுப்பதும் உண்டு. நம் வயதினர்க்கு இரவில் 8 முதல் 10 மணி நேரம் உறக்கம் தேவை என்கின்றனர் மருத்துவர்கள். நாளொன்றுக்கு 60 நிமிடமாவது உடலுக்கு உழைப்போ விளையாட்டோ வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். போர்வைக்குள் ஒளிரும் திரை முதலாவதைத் திருடுகிறது. மாலையில் குனிந்த தலை இரண்டாவதைத் திருடுகிறது. யோகாசனத்தைப் பற்றிப் பத்துக் காணொளி பார்ப்பதை விட, மைதானத்தில் பத்து நிமிடம் கயிறு தாண்டுவது மேல்!

இதில் நமக்கு ஓர் எடுத்துக்காட்டு திருச்சபையிலேயே இருக்கிறார். இத்தாலியில் வளர்ந்த கார்லோ அகுதிஸ் கணினியில் வல்லவர். நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையத்தில் உலகுக்கு அளித்தவர். விளையாட்டுக் கருவிக்கு வாரம் ஒரு மணி நேரம் மட்டுமே என்று தமக்குத் தாமே வரம்பு வகுத்துக்கொண்டவர். 15 வயதில், 2006 அக்டோபர் 12-இல், இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். 2025 செப்டம்பர் 7-இல் திருத்தந்தை பதினான்காம் லியோ அவரைப் புனிதர் என அறிவித்தார். கணினியின் முன் அமர்ந்த ஒரு சிறுவனும் புனிதராகலாம். எதற்காக அமர்ந்தான் என்பதே கேள்வி.

வேண்டுகோள் மூன்று

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மகனுக்குத் தரும் நம்பிக்கையை மகளுக்கும் தாருங்கள். ஒளிவு மறைவின்றிக் கூடத்தில் அமர்ந்து பார்க்க விடுங்கள். நீங்களும் அருகிலிருந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாததை உங்கள் மகள் படித்துச் சொன்னால் அதில் குறைவொன்றுமில்லை.

நம் பள்ளிக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு பாடவேளை கணினி அறையில் 'நலவாழ்வு நேரம்' ஒன்று ஏற்படுத்தலாம். பெயர் எழுதாமல் கேள்விகளைப் போட ஒரு பெட்டி வைக்கலாம். மாதம் ஒரு முறை மருத்துவரோ செவிலியரோ வந்து அக்கேள்விகளுக்கு விடை கூறலாம். கைபேசியே இல்லாத மாணவிக்கும் இதனால் சம நீதி கிடைக்கும்.

மூன்றாவது வேண்டுகோள் நமக்கே. அறிந்ததை அறையில் பூட்டி வைக்காமல், ஏலத்தோட்டத்திலிருந்து களைத்து வரும் தாய்க்கும், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும், பக்கத்து வீட்டுத் தங்கைக்கும் எடுத்துக் கூறுவோம். இரத்த சோகை உள்ள ஒரு பெண் நாளை இரத்த சோகை உள்ள தாயாகிறாள். அந்தச் சங்கிலியை அறுக்கும் அரிவாள் கல்வி. அதற்குச் சாணை பிடிக்கும் கல்லாக மட்டும் கைபேசி இருக்கட்டும்.

உண்மையை மட்டும் தேடுவோம். சந்தேகம் வந்தால் கேட்போம். பொய்யை ஒருபோதும் கைமாற்றி விடோம். இந்த மூன்றையும் இந்தக் கல்வியாண்டிலேயே நம் உறுதிமொழியாக ஏற்போம். நலம் தரும் இறைவன் நம் அனைவரையும் காப்பாராக!